சிறுகளமும் எதிர்த்தாக்குதலும்

மலைநாட்டிலே சமதரை அரிது. நுவரெலியாவிலும் அட்டனிலும் சரிவுகளையெல்லாம் தேயிலை மூடிநிற்கின்றது. முழு உதைபந்தாட்ட மைதானத்துக்கோ ஏறக்குறைய 100 மீற்றர் நீளமும் 60 மீற்றருக்கு மேற்பட்ட அகலமும் வேண்டும். அத்தகைய இடம் எல்லாத் தோட்டங்களுக்கும் வாய்ப்பதில்லை. ஆதலின், காலையில் தொழிலாளர் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களமே மாலையில் லயத்துப் பிள்ளைகளின் ஆடுகளமாவதுண்டு. அச்சிறுகளத்தை வெறுங்குறையென்று தள்ளிவிடலாகாது. எதிர்த்தாக்குதல் என்னும் கலையைப் பயில அது நல்ல பள்ளிக்கூடம்.

எதிர்த்தாக்குதல் என்பது யாது? முன்னேறி வந்த எதிரணியினர் பந்தை இழந்த கணத்தில், அவர்கள் மீண்டும் அணிவகுக்குமுன் அவர்தம் கோலை நோக்கிப் பாய்தலே அது. 1964, 1965 ஆம் ஆண்டுகளில் ஹெலெனியோ ஹெரேரா பயிற்றிய இன்டர் மிலான் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றதிலும், 2016 இல் லெஸ்டர் சிட்டி இங்கிலாந்தின் பிரிமியர் லீக்கை வென்று உலகை வியக்கவைத்ததிலும் இம்முறைக்குப் பெரும்பங்குண்டு.

இக்கலையின் உயிர், பந்து அணிமாறும் அந்த ஒரு கணத்திலேயே இருக்கின்றது. 22 பேர் ஆடும் மைதானத்தில் ஒரு சிறுவன் அக்கணத்தை எப்போதோ சந்திக்கின்றான். நால்வருக்கு நால்வர் ஆடும்போதோ அடிக்கடி சந்திக்கின்றான். பயிற்சியாளர் 30 மீற்றர் நீளமும் 20 மீற்றர் அகலமும் அளந்து, இரு முனைகளிலும் கற்களால் சிறிய கோல் அமைக்கலாம். பந்தைப் பறித்து 8 விநாடிக்குள் போடும் கோல் இரண்டாகக் கணக்கிடப்படும் என்பது விதி. இவ்விதி இருந்தால், பந்து காலுக்கு வருமுன்னரே எவன் முன்னால் தனித்து நிற்கின்றான் என்று தேடக் கண்கள் பழகிவிடும். ஓட்டம் கடுமையாதலின், 3 நிமிடத்துக்கொருமுறை ஓய்வு வேண்டும்.

சரிவான இடமாயின் களத்தை மேல்கீழாக வகுக்காமல் குறுக்காக வகுத்தல் நன்று. இல்லையேல் மேட்டிலிருந்து ஆடுவோருக்குச் சரிவே துணையாகிவிடும். பந்து தேயிலைச் செடிகளுக்குள் உருண்டால் ஆட்டத்தின் வேகமும் அதனோடு மறையும். ஆகவே இன்னொரு பந்து ஓரத்தில் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். பயிற்சியாளர் ஓயாது கூவி வழிகாட்டுதலும் தகாது. ஆட்டம் நின்றபின், “பந்து கிடைத்தபோது உன் முன்னால் யார் நின்றார்?” என்று கேட்டாற் போதும், பிள்ளை தானே சிந்திக்கும்.

எனினும், 50 மீற்றர் ஓட்டத்தையும் நெடுந்தூரப் பந்தனுப்பலையும் பிரட்டுக்களம் கற்பிக்காது. அவற்றுக்குப் பெருமைதானமே வேண்டும். சிறுகளம் தொடக்கமேயன்றி முடிவன்று. அங்கே தேர்ந்த சிறுவர் சிறுமியருக்குப் பரந்த மைதானத்துக்கு வழிதிறப்பது பெரியோர் கடன். சிறுகளமே போதுமென்று சொல்லி அக்கடனைத் தட்டிக்கழித்தல் நியாயமாகாது.