தொண்டு செய்யும் இடத்தில் கலகலப்பு

(தைப்பூசத் தொண்டூழியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

"வேலை செய்யும் இடத்தில் மகிழ்ச்சியும் உற்சாகமும்" என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. அலுவலகங்களைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். ஆகவே எனக்குத் தெரிந்த இடத்தைப் பற்றியே பேசுகிறேன். அது நமது அன்னதானச் சமையற்கூடம்.

முதலில் ஒரு பழைய செய்தி. என் வயதினருக்கு 'டீமி' என்ற தேனீயை நினைவிருக்கும். சிங்கப்பூரில் 1981-ல் உற்பத்தித்திறன் இயக்கம் தொடங்கியது. மறு ஆண்டு அதன் சின்னமாக வந்ததுதான் இந்தத் தேனீ. பாட்டு, சுவரொட்டி எல்லாம் உண்டு. ஆனால் அந்த இயக்கத்தின் உண்மையான சரக்கு, ஜப்பானியரைப் பார்த்து அமைத்த தரக் கட்டுப்பாட்டுக் குழுக்களில்தான் இருந்தது என்பது என் கருத்து. ஒரே வேலையைச் செய்யும் சிலர் ஒன்றாக உட்கார்ந்து, தங்கள் வேலையில் உள்ள இடைஞ்சலைத் தாங்களே பேசி, வழியும் சொல்வார்கள். மேலே உள்ளவர் அதைக் கேட்க வேண்டும். உற்சாகம் பிறப்பது அங்கேதான். தேனீ வேடம் போட்டவருக்கு நம்மூர் வெயிலில் வேர்த்துக் கொட்டியதுதான் மிச்சமாக இருந்திருக்கும்!

இனி நம் வீட்டுக்கு வருவோம். இளைஞர்கள் ஒரு தைப்பூசத்துக்கு வருகிறார்கள். அடுத்த ஆண்டு காணோம். "இக்காலப் பிள்ளைகளுக்குப் பக்தி இல்லை" என்று நம்மில் சிலர் சொல்லிவிடுகிறோம். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். இரவு 10 மணிக்கு ஒரு பெண் வந்து நிற்கிறாள். என்ன செய்வது என்று சொல்ல ஆளில்லை. பிறகு மூன்று பேர் மூன்று வேலை சொல்கிறார்கள். கரண்டி மாறிப்போனால், "இதுகூடவா தெரியாது?" என்று எல்லார் முன்னிலையிலும் ஓர் அதட்டல். தமிழில் கொஞ்சம் தடுமாறினால் சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். இதை நாம் கலகலப்பு என்று நினைத்துக்கொள்கிறோம். அந்தப் பெண்ணுக்கு அது கேலி. விடியற்காலையில் அவளுக்குப் பசிக்கும்போது அண்டா காலி. அடுத்த ஆண்டு அவள் ஏன் வரவேண்டும்?

சில ஆண்டுகளுக்கு முன் தொழிற்கல்லூரி மாணவர் ஒருவர் என்னிடம் வந்து, "சார், காய் நறுக்குகிறவர்கள் எல்லாரும் சுவரைப் பார்த்து நிற்கிறார்கள். மேசைகளை எதிரெதிராகப் போடலாமா?" என்று கேட்டார். போட்டோம். அவ்வளவுதான், கூடத்தின் நிறமே மாறிவிட்டது. முகம் பார்த்ததும் பேச்சு வந்தது. பேச்சிலிருந்து பாட்டு வந்தது. நாற்பது வருடமாக வெங்காயம் உரிக்கும் அக்கா ஒருவர், கண் எரியாமல் நறுக்கும் பக்குவத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டினார். அந்த மாணவர் அடுத்த ஆண்டு நண்பர்கள் நால்வரை அழைத்து வந்தார். மேசையை மாற்றியதற்காக அல்ல, தன் பேச்சு எடுபட்டதற்காக.

சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் பெரியவர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. பக்தர்களுக்குப் பரிமாறும் முன் தொண்டர் உண்ணலாமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இப்போது முதல் பந்தி பக்தர்களுக்கு. அதன்பின் தொண்டர்கள் முறை வைத்துச் சாப்பிடுகிறார்கள்.

இன்னொன்று. இரவெல்லாம் பாத்திரம் தேய்ப்பவர்கள் ஒரு காவடியைக்கூடப் பார்ப்பதில்லை. ஊர்வலப் பாதையில் 1973 முதல் இருந்த இசைத் தடை தளர்ந்து, 2016-ல் சில குறிப்பிட்ட இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்ததல்லவா? அவ்வாண்டு பாத்திரம் தேய்த்த பிள்ளைகளை அரை மணி நேரம் வெளியே அனுப்பினோம். திரும்பி வந்தவர்கள் கேட்ட தாளத்தை அண்டாவில் தட்டிக்கொண்டே தேய்த்தார்கள். சத்தம் தாங்கவில்லை, ஆனால் பாத்திரம் பளபளத்தது. அன்று முதல் அது வழக்கமாகிவிட்டது.

இவ்வாண்டுப் பெயர்ப் பட்டியல் வாசல் மேசையில் இருக்கிறது. பழையவர் ஒருவர், புதியவர் ஒருவர் என்று இருவர் இருவராக எழுதியிருக்கிறோம். உங்கள் துணை யார் என்று பார்த்து, பேர் கேட்டுக்கொண்டு, இருவருமாகத் தேநீர் அருந்தப் போங்கள். காய்கறி வந்து இறங்கும் நேரமும் அதிலேயே உள்ளது.