திடலில் நடக்கும் அரசு



பலர் கூடி முடிவெடுத்தே ஓர் அரசை நடத்த இயலுமா என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். இவ்விழாவுக்கு நாள் குறிக்கவே நமக்கு மூன்று கூட்டங்கள் தேவைப்பட்டதை எண்ணினால், இயலாது என்று சொல்லி அமர்ந்துவிடத் தோன்றுகிறது. ஆனால், இயலும் என்பதற்குச் சுவிட்சர்லாந்தின் இரு சிறு மாநிலங்கள் இன்றும் சான்றாக உள்ளன.

கிளாரூஸ் மாநிலத்தில் ஆண்டுதோறும் மே மாதம் வாக்குரிமை உடையோர் ஒரு திடலில் கூடுகின்றனர். சட்டமும் வரியும் அங்கேதான் முடிவாகின்றன. எவரும் மேடையேறித் திருத்தம் கூறலாம். வாக்காளர் அட்டையை உயர்த்திக் காட்டுவார்கள். தலைவர் கண்ணால் அளந்தே பெரும்பான்மையை அறிவிப்பார். அங்கிருந்த 25 ஊராட்சிகளைப் பத்தாகக் குறைக்கும் திட்டம் 2006இல் திடலுக்கு வந்தது. குடிமகன் ஒருவர் எழுந்து, மூன்றே போதும் என்றார். திடல் அவர் பக்கம் நின்றது. மறு ஆண்டு மீண்டும் கூடி அதையே உறுதி செய்தது. 2011 முதல் அங்கு மூன்று ஊராட்சிகளே. கூட்டம் தயங்கும், தலைவனே துணிவான் என்று நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். அங்கு நடந்தது நேர்மாறு.

அப்பன்செல் இன்னர்ரோடனிலும் இதே முறைதான். 1971இல் நாடளாவிய தேர்தல்களில் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது. கிளாரூஸ் திடல் அவ்வாண்டே அவர்களை ஏற்றுக்கொண்டது. அப்பன்செல் ஆண்களோ, வாக்காளர் என்பதற்கு அடையாளமாக இடையில் வாள் தரித்து வந்து, 1973, 1982, 1990 என மும்முறை மறுத்தனர். 1990 நவம்பரில் நாட்டின் உச்ச நீதிமன்றம் குறுக்கிட்ட பின்னரே, 1991 ஏப்ரலில் பெண்கள் திடலுக்குள் வந்தனர்.

அந்த மறுப்புகளில் முறைகேடு ஏதுமில்லை. யாரைப் பற்றிய முடிவோ அவர்கள் வெளியே நின்றனர், அவ்வளவே. அங்கே மறைவாக்கும் கிடையாது. உயரும் கையை அண்டை வீட்டாரும் பார்க்கிறார், வேலை கொடுத்தவரும் பார்க்கிறார். கை தூக்க விரும்பியும் அடங்கிப் போனவர் எத்தனை பேரோ! ஆகவே, கூடி ஆளும் முறையை நான் மறுக்கவில்லை. உள்ளே யார் வரலாம் என்பதை மட்டும் உள்ளே இருப்போரிடம் விடலாகாது என்கிறேன்.

நம் வட்டத்திலும் புதியவரைச் சேர்ப்பதை, இருப்பவர்கள் கையுயர்த்தித்தான் முடிவு செய்கிறோம். பத்தாண்டுகளில் சேர்ந்த பெண் கவிஞர்கள் இருவர். இவ்விதியை அடுத்த பொதுக்குழுவில் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுமாறு தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன். அன்று அவ்விருவரும் முதலில் பேசட்டும்.