யாழ்ப்பாணத்து வண்டி மலையேறுமா?

பழைய மோட்டார் சைக்கிள் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை
(தோட்டக் குடும்பங்களின் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாங்கள் பேச வந்திருப்பது மோட்டார் சைக்கிளைப் பற்றி. ‘நலன்புரிக் கூட்டத்தில் இது என்ன வண்டிப் பேச்சு?’ என்று பெரியவர்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. டவுனுக்கு வேலைக்குப் போகிற பிள்ளைக்கு வண்டி வேண்டும். ராத்திரி நேரத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓட வண்டி வேண்டும். புது வண்டிக்கு வசதி இல்லாதவர்கள் பழைய வண்டியைத்தான் தேடுகிறார்கள். அதற்குக் காசு எங்கேயிருந்து வருகிறது? அம்மா பேர் வெட்டி எடுத்த சேமலாப நிதி, அடகு வைத்த தோடு, சீட்டுக் காசு. முப்பது வருஷம் கொழுந்து பறித்துச் சேர்த்த காசு அரை மணி நேரத்தில் கை மாறிப் போகிறது. அந்த அரை மணி நேரத்தைப் பற்றித்தான் இந்தப் பேச்சு.

யாழ்ப்பாணத்தை ஏன் இழுக்கிறோம் என்று கேட்பீர்கள். கண்டியில் புறப்படுகிற ஏ-9 வீதி போய் முடிகிற இடம் யாழ்ப்பாணம். 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்தை விட்டுப் போன நம்ம சொந்தங்கள் கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் இன்றும் இருக்கிறார்கள். கடை வேலை, கட்டட வேலை என்று வடக்குக்குப் போகிற பிள்ளைகளும் உண்டு. ‘அங்கே மேடு பள்ளம் இல்லை, வண்டி தேயாமல் புதுசு மாதிரி இருக்கும், வாங்கிக்கிட்டு வரலாம்’ என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. அதில் பாதி உண்மை. மற்றப் பாதியை நாங்கள் சொல்கிறோம்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1990 ஜூனில் மறுபடி போர் மூண்ட பிறகு, குடாநாட்டுக்குப் பெற்றோல், டீசல், பற்றரி போன்ற பல சாமான்கள் போகாமல் தடை வந்தது. கிடைத்த பெற்றோல் தங்க விலை விற்றது. யாழ்ப்பாணத்துச் சனம் வண்டியை மூலையில் போட்டுவிட்டு உட்காரவில்லை. கார்ப்பரேட்டருக்குள் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்பினார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மோட்டார் சைக்கிளும் அப்படி ஓடியது, பழைய ஒஸ்ரின் காரும் அப்படி ஓடியது.

கெட்டித்தனம்தான், ஆனால் எஞ்சினுக்கு அது நஞ்சு. மண்ணெண்ணெய் பெற்றோல் மாதிரி லேசில் ஆவியாகாது. எரியாமல் மிஞ்சியது பிஸ்டன் ரிங்கைக் கடந்து கீழே வடிந்து ஒயிலோடு கலக்கும். ஒயில் தண்ணியாகிவிடும். தண்ணியான ஒயில் இரும்பையும் இரும்பையும் விலக்கி வைக்காது. ரிங் தேயும், பேரிங் தேயும், பிளக்கில் கரி கட்டும். 2002இல் ஏ-9 பாதை திறந்து புது வண்டிகள் குடாநாட்டுக்குள் போன பிறகு அந்தக் காலம் மெல்ல மெல்ல மறைந்தது.

இந்தக் கதை இன்றைக்கு எதற்கு? பெற்றோலில் மண்ணெண்ணெய் கலக்கிற புத்தி இன்னும் சில இடங்களில் இருக்கிறது. ஆகவே வண்டி பார்க்கப் போனால் முதல் வேலையாக ஒயில் குச்சியை வெளியே எடுங்கள். ஒரு சொட்டை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பாருங்கள். வழவழப்பு இல்லாமல் தண்ணி மாதிரி இருந்தால், மண்ணெண்ணெய் வாடை அடித்தால், யோசியுங்கள். பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்கு அது ஓர் அடையாளம். 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தை என்ன பாடு படுத்தியது என்று உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. அப்படி மூழ்கிய வண்டியும் கழுவித் துடைத்து விலைக்கு வரலாம். மைல் மீற்றர் கண்ணாடிக்குள்ளும், முன் லைட்டுக்குள்ளும், சீட்டுக்கு அடியிலும் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது உப்பு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் எந்தப் பக்கம் போனாலும் கடல் தூரமில்லை. பண்ணைப் பாலத்தால் தீவுப் பகுதிக்குப் போனால் இரண்டு பக்கமும் கடல்நீர்தான். குருநகர், மயிலிட்டி, வல்வெட்டித்துறை எல்லாம் மீன்பிடி ஊர்கள். உப்புக்காற்று நாள் முழுக்க இரும்பைத் தின்னும். மீன் பெட்டி கட்டி ஓடிய வண்டி என்றால் உப்புத்தண்ணி பின் சேசிஸில் வடிந்துகொண்டே இருந்திருக்கும். மேலே தாங்கிக்குப் பெயின்ட் அடித்து பளபள என்று வைத்திருப்பார்கள். நீங்கள் அதைப் பார்க்காதீங்க. குனிந்து கீழே பாருங்க. பின் கரியருக்கு அடி, மட்கார்ட்டின் உள்பக்கம், சைலன்சரின் அடி, ஸ்டாண்ட் பொருத்திய இடம், ரிம்மில் கம்பி நுழைகிற ஓட்டைகள். மேலால் படிந்த துருவுக்குப் பயப்பட வேண்டாம், அது சுரண்டினால் போகும். விரலால் அழுத்தும்போது இரும்பு உதிர்ந்தால் அந்த வண்டியை விட்டுவிட்டு வாருங்கள். பெற்றோல் தாங்கி மூடியைத் திறந்து டோர்ச் லைட் அடித்து உள்ளேயும் பாருங்கள். அங்கே துரு இருந்தால் அது கார்ப்பரேட்டரை அடைக்கும். நடு ராத்திரியில் ஆளில்லாத மலைத் தேயிலைக்கு நடுவே வண்டி நிற்கும்.

வடமராட்சி கிழக்கு மணல் ரோட்டில் ஓடிய வண்டிக்கு வேறு வியாதி. மணல் செயினை அராவும், எயார் ஃபில்டரை அடைக்கும். பின் பல்சக்கரத்தின் கடைக்கோடியில் செயினைப் பிடித்து வெளியே இழுத்துப் பாருங்கள். பல்லில் பாதி தெரிகிற அளவுக்குச் செயின் எழும்பினால் அது தேய்ந்துவிட்டது. பல் ஒரு பக்கமாக வளைந்து கொக்கி மாதிரி நின்றால் முழு செட்டும் மாற்ற வேண்டும்.

இனி முக்கியமான விஷயம். யாழ்ப்பாணம் கடல் மட்டத்தை ஒட்டிய தரை. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். கையில் வைத்த கோலிக்குண்டு உருளாத ரோட்டில் எந்த வண்டியும் நல்ல வண்டிதான். கிளச் தேய்ந்திருப்பது அங்கே தெரியாது. பிரேக் பாதியாக இருப்பதும் தெரியாது. அதே வண்டியை ரம்பொடை வளைவில் இரண்டு பேரோடு இறக்கினால்தான் தெரியும். அப்போது தெரிந்து என்ன பிரயோசனம்? ஆகவே சமதரையிலேயே மலையைச் சோதிக்கிற வழி தெரிந்திருக்க வேண்டும். சொல்கிறோம், கேளுங்கள்.

ஒன்று. நீங்கள் வருகிற வரை வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், ‘ஏன் அண்ணை, காலையிலேயே கிளப்பிட்டீங்களா?’ என்று கேளுங்கள். நோய் உள்ள எஞ்சின் குளிரில் கிளம்பச் சிரமப்படும். அதை மறைக்கத்தான் சூடாக்கி வைப்பார்கள்.

இரண்டு. சாவி போடாமல் கிக்கரைக் கையால் மெல்ல அமுக்குங்கள். ஓர் இடத்தில் எதிர்த்து நிற்க வேண்டும். தடையே இல்லாமல் இறங்கினால் எஞ்சினில் இழுவை இல்லை, மலை ஏறாது.

மூன்று. வண்டியைக் கிளப்பிப் புகையைப் பாருங்கள். பனிக் காலையில் வருகிற வெள்ளைப் புகை கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும், அது வெறும் ஆவி. நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது, செலவு பெரிது. கரும் புகை என்றால் பெற்றோல் அதிகம் போகிறது, பெரும்பாலும் கார்ப்பரேட்டரைச் சரி பண்ணினால் போதும். ஒன்றைக் கவனியுங்கள். உயரம் ஏற ஏறக் காற்று மெலியும். ஆகவே யாழ்ப்பாணத்தில் திருகி வைத்த கார்ப்பரேட்டர் நுவரெலியாவில் கரும் புகை விடலாம், இழுவையும் குறையலாம். அதற்காக ‘ஏமாத்திட்டான்’ என்று சத்தம் போடாமல் கராஜில் காட்டித் திருத்துங்கள்.

நான்கு. பின்னால் ஓர் ஆளை ஏற்றிக்கொண்டு ஓட்டுங்கள். மேல் கியரில் மெதுவாகப் போகும்போது அக்சிலேட்டரை முழுக்கத் திருகுங்கள். எஞ்சின் கத்துது, வண்டி ஓடலை என்றால் கிளச் வழுக்குகிறது. பிறகு இரண்டாம் கியரில் கொஞ்சம் வேகமாகப் போய் அக்சிலேட்டரை முழுக்க விட்டு, சில விநாடி கழித்துத் திரும்பத் திருகுங்கள். அந்த நேரம் பின்னால் நீலப் புகை கொப்பளித்தால் வால்வுப் பக்கம் தேய்மானம். அக்சிலேட்டரை விட்டவுடன் கியர் தானாகக் கழன்றால் அந்த வண்டி வேண்டாம். இறக்கத்தில் கியர்தான் நம்ம பாதி பிரேக். அது கைவிட்டால் மிச்சம் இருப்பது பள்ளம் மட்டும்.

ஐந்து. முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கச் சொல்லி, ஹேண்டிலை இடமும் வலமும் மெல்லத் திருப்புங்கள். நடுவில் ‘டக்’ என்று ஓர் இடத்தில் பிடித்தால் கோன் போயிருக்கிறது. சக்கரத்தைச் சுற்றிவிட்டு ரிம் ஆடுகிறதா என்று பாருங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை அமுக்குங்கள். முன் குழாயில் ஒயில் கசிந்தால் சீல் போயிருக்கிறது. பின்னால் நின்று ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் வண்டி எங்கேயோ பலமாக விழுந்திருக்கிறது. பிரேக் கைப்பிடி நுனியும் ஃபுட்ரெஸ்ட் நுனியும் உரசியிருந்தாலும் அதே சந்தேகம்தான்.

ஆறு. மைல் மீற்றரை நம்பாதீங்க, கேபிளைக் கழற்றிவிட்டு ஓட்டலாம். கியர் மிதியின் ரப்பரும் ஃபுட்ரெஸ்ட் ரப்பரும் பொய் சொல்லாது. மீற்றர் கொஞ்சம் காட்டி, ரப்பர் மொட்டையாக இருந்தால் எதை நம்புவது என்று நீங்களே முடிவு பண்ணுங்கள். டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2219 என்றால் 2019ஆம் ஆண்டின் 22ஆம் வாரம் செய்தது. பூ தேயாமல் இருந்தாலும் பழைய டயர் வெடிப்பு விட்டிருக்கும். மழையில் வழுக்கும்.

இதெல்லாம் இரும்பின் கதை. இனி கடதாசியின் கதை. நல்ல எஞ்சின் வாங்கியும் கடதாசியால் காசை இழந்தவர்களின் கதையை நாங்கள் தோட்டங்களில் நிறையக் கேட்கிறோம்.

பதிவுப் புத்தகத்தில் உள்ள சேசிஸ் இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் வண்டியில் அடித்திருக்கும் இலக்கத்தோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். அராவிய தடம் இருந்தால், அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் இருந்தால், பேசாமல் திரும்பி வாருங்கள். களவு வண்டி என்றால் பொலிஸார் பிடித்துக்கொண்டு போவார்கள். கொடுத்த காசு திரும்பக் கிடைப்பது லேசல்ல.

புத்தகத்தில் ‘முழு உரிமையாளர்’ என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கடன் தீர்ந்ததற்கான கடிதமும், அந்தப் பெயர் நீக்கப்பட்ட புத்தகமும் வேண்டும். ‘இன்னும் ரெண்டு மாசம்தான் தம்பி, நான் கட்டிடுறன்’ என்ற வாய்ச்சொல்லுக்குக் காசு கொடுக்காதீர்கள். அவர் கட்டாமல் விட்டால் கம்பனிக்காரர் வருவது உங்கள் லயத்து வாசலுக்கு.

வடக்கில் அடிக்கடி கேட்கிற இன்னொரு வார்த்தை, ‘சொந்தக்காரர் வெளிநாட்டில, அதாலதான் விலை குறைவு’ என்பது. உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கையொப்பம் போட வேண்டியவர் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தால், வண்டி உங்கள் பேருக்கு எப்படி வரும்? முறையான அற்றோர்ணித் தத்துவம் இருக்கிறதா என்று கேளுங்கள். வெறும் கையொப்பம் போட்ட படிவத்தை வைத்துக்கொண்டு வருஷக் கணக்கில் ஓட்டுவதை ‘ஓப்பின் பேப்பர்’ என்கிறார்கள். பழைய சொந்தக்காரர் இறந்துபோனால் அந்தக் கடதாசி சிக்கலாகிவிடும். விபத்து நடந்தால் பொலிஸ் தேடுவது புத்தகத்தில் பெயர் உள்ளவரை. காப்புறுதிக் காசு கேட்டுப் போனாலும் ‘நீங்கள் யார்?’ என்பார்கள். ஆகவே வாங்கிய கையோடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உடைமையை மாற்றுங்கள். காப்புறுதியையும் உங்கள் பேருக்கு மாற்றுங்கள். வருமான அனுமதிப்பத்திரத்தின் திகதியையும், புகைப் பரிசோதனைச் சான்றிதழையும் பாருங்கள்.

2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025இல்தான் திரும்பத் திறந்தார்கள். இடையில் பழைய வண்டிகளின் விலை தாறுமாறாக ஏறியது. ‘இன்னைக்கு விட்டா கிடைக்காது’ என்ற அவசரம் அந்தக் காலத்தில் பழகிய அவசரம். இன்று அது வேண்டாம். விற்கிறவர் அவசரப்படுத்தினால் நீங்கள் இன்னும் மெதுவாகப் பாருங்கள். விற்பவருக்குச் சொந்தமில்லாத ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போங்கள். அவருக்குக் கொடுக்கிற ஒருநாள் கூலி நட்டமில்லை. டயர், செயின், பிரேக் சூ என்று மாற்ற வேண்டியதை ஒரு துண்டில் எழுதி, அந்தத் தொகையை விலையில் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள். அட்வான்ஸ் கொடுத்தால் தொகை, திகதி, வண்டி இலக்கம், அடையாள அட்டை இலக்கம் எழுதி, சாட்சியோடு பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. வண்டி பார்க்கப் போகும்போது கூட்டாளியை மட்டும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். காசு கொடுத்த அம்மாவிடமும் போய் உட்கார்ந்து, எந்த வண்டி, யாருடைய வண்டி, என்ன குறை, என்ன விலை என்று விளக்கிச் சொல்லுங்கள். ‘ஏன் இவ்வளவு மலிவாத் தாறாங்க?’ என்று அம்மா கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல முடியவில்லை என்றால், அந்த வண்டியை வாங்காதீர்கள்.

தாய்மாருக்கும் ஒரு வார்த்தை. காசைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்காதீங்க. வண்டி வாசலுக்கு வந்தவுடன் புத்தகத்தை வாங்கிப் பாருங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடப் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். பேர் மாறியிருக்கிறதா என்று கேளுங்கள். தலைக்கவசம் இரண்டு இருக்கிறதா என்றும் கேளுங்கள். இரண்டுக்கும் ‘ஆமாம்’ என்று பதில் வந்த பிறகு சாவியைக் கையில் கொடுங்கள்.