இரண்டு பற்றரியும் ஒரு பழைய எந்திரமும்

வருமான வரி பற்றியே பேசுகிறவன் இன்று பற்றரி பற்றிப் பேசப்போகிறேன். சிரிக்காதீர்கள்.

2023 ஏப்ரல் 5ஆம் திகதி பெய்த உறைபனி மழை உங்களுக்கு ஞாபகமிருக்கும். கியூபெக்கில் ஏறத்தாழ 11 லட்சம் ஹைட்ரோ கியூபெக் வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போனது. லவாலில் எங்கள் தெருவும் இருட்டு. நண்பர் ஒருவரின் வீட்டு நிலவறையில் தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்டது. அவருடைய தாயார் படுக்கிற அறையும் அங்கேதான். அம்மாவை மேலே கொண்டுவந்து இருத்திவிட்டு, பின்வளவில் கிடந்த வெல்டிங் ஜெனரேற்றரிடம் போனோம். இரண்டு குளிர்காலமாக ஒருவரும் தொடாதது. சாவியைத் திருப்பினால் "டிக்" என்றதோடு சரி.

நண்பரின் மகன் இரண்டு கார்களில் இருந்தும் பற்றரிகளைக் கழற்றி வந்தான். "மாமா, இரண்டையும் சேர்த்துக் கொழுவுவம்" என்று ஒன்றின் பிளஸை மற்றதன் மைனஸில் கொழுவப் போனான். நான் கத்தியேவிட்டேன். அது தொடரிணைப்பு, 24 வோல்ட் வரும். அந்த ஸ்ராட்டரோ 12 வோல்ட்டுக்கு உரியது, கருகிப்போகும். பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் என்று சமாந்தரமாகக் கொழுவினால் வோல்ட் 12தான். ஆனால் தரக்கூடிய அம்பியர் கூடும். குளிரில் தடித்துப்போன எண்ணெயோடு எந்திரத்தைச் சுழற்ற வேண்டியது அதுதான். (பெரிய டீசல் எந்திரங்கள் சில 24 வோல்ட்டிலேயே ஓடும். ஆகவே ஸ்ராட்டரின் தகட்டை முதலில் வாசியுங்கள்.)

எந்திரத்தில் இருந்த செத்த பற்றரியைக் கழற்றி வைத்தோம். விட்டால் நல்ல பற்றரிகளின் பலத்தை அது உறிஞ்சிவிடும். கடைசிக் கறுப்பு வயரைப் பற்றரியில் அல்ல, தள்ளி, எந்திரத்தின் வெறும் இரும்பில் கொழுவினோம். பற்றரியில் இருந்து ஐதரசன் கசியும். பொறி பட்டால் வெடிக்கும்.

மூன்றாம் முறை பிடித்துக்கொண்டது!

உடனே பம்பைச் செருகவில்லை. பழைய வெல்டிங் ஜெனரேற்றர்கள் சிலவற்றில் கருவிகளுக்கான பிளக்கிலும் நேரோட்டமே வரும். வீட்டுப் பம்ப் அதில் ஓடாது, பழுதாகும். எங்களுடையது ஆடலோட்டம் என்று தகட்டில் பார்த்த பிறகே செருகினோம். மழை என்றாலும் கராஜுக்குள் மட்டும் கொண்டுபோகவில்லை. அந்தப் புகையில் உள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை, ஆளைக் கொன்றுவிடும்.

தண்ணீர் வற்ற விடிந்துவிட்டது. 1990களில் பற்றரிக்குத் தடை இருந்தபோது, யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர் அந்த அம்மா. மேலே இருந்து கேட்டார்:

"தம்பி, இனி ரேடியோ போடலாமோ?"