ஆளுக்கொரு பகுதி



வெவ்வேறு மொழியும் பழக்கவழக்கமும் உள்ள பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்கார வைத்துவிட்டால், அவர்கள் தாமாகவே நண்பர்களாகிவிடுவார்களா? அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத் தலைநகர் ஆஸ்டினில், 1971ஆம் ஆண்டு, இதற்குக் கசப்பான விடை கிடைத்தது. தனித்தனிப் பள்ளிகளில் படித்துவந்த வெள்ளை, கறுப்பின, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் ஒரே பள்ளிகளுக்கு வந்தார்கள். சில வாரங்களிலேயே கைகலப்பு.

உளவியல் பேராசிரியர் எலியட் ஆரன்சனின் உதவி கோரப்பட்டது. அவர் குழுவினர் வகுப்புகளில் அமர்ந்து கவனித்தார்கள். ஆசிரியர் கேள்வி கேட்கிறார், பல கைகள் உயர்கின்றன, ஒருவனைத்தான் எழுப்புகிறார். அவன் தவறினால் மற்றவர்களுக்கு மகிழ்ச்சி, ஏனென்றால் அடுத்த வாய்ப்பு அவர்களுக்கு. அப்படிப்பட்ட இடத்தில், ஆங்கிலத்தில் தடுமாறும் பிள்ளை வாய் திறக்குமா?

பாடம் நடத்தும் முறையையே ஆரன்சன் மாற்றினார். அதற்கு ஜிக்சா முறை என்று பெயர். அமெரிக்க அதிபரின் மனைவியாக இருந்த எலினார் ரூஸ்வெல்ட்டின் வாழ்க்கை வரலாறு பாடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பிரிவினரும் கலந்த ஐந்தாறு பேர் ஒரு குழு. ஒருத்திக்கு எலினாரின் குழந்தைப் பருவம். இன்னொருவனுக்கு அவருடைய ஐ.நா. பணி. ஒருவருடைய தாள் மற்றவருக்குக் கிடையாது. எல்லாக் குழுக்களிலும் ஒரே பகுதியைப் பெற்றவர்கள் முதலில் கூடிப் பேசித் தெளிகிறார்கள். பிறகு தம் குழுவுக்குத் திரும்பிச் சொல்லித் தருகிறார்கள். தேர்வு முழுப் பாடத்திலிருந்தும் வரும், மதிப்பெண் அவரவருக்கு.

கேலி உடனே நிற்கவில்லை. திக்கித் திணறிய ஒரு மெக்சிகோ வம்சாவளிச் சிறுவனைக் குழுவினர் கிண்டல் செய்தார்கள். அங்கிருந்த உதவியாளர் அவர்களுக்கு நீதிபோதனை செய்யவில்லை. அவனிடம் இருப்பது உங்களுக்குத் தேவை, தேர்வு நெருங்குகிறது என்று மட்டும் நினைவூட்டினார். பிள்ளைகள் அவனிடம் பொறுமையாகக் கேள்வி கேட்கப் பழகினார்கள். கேட்கக் கேட்க அவன் பேச்சும் தெளிந்தது.

பழைய முறையில் படித்த வகுப்புகளோடு ஒப்பிட்டபோது, ஜிக்சா முறையில் படித்தவர்களிடையே நட்பும் தன்னம்பிக்கையும் கூடியிருந்தன. சிறுபான்மைப் பிள்ளைகளின் மதிப்பெண் உயர்ந்திருந்தது. அதற்காக வெள்ளைப் பிள்ளைகளின் மதிப்பெண் குறையவும் இல்லை.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். எல்லாருக்கும் ஒரே தாளைக் கொடுத்துச் சேர்ந்து படிக்கச் சொன்னால், வேகமான பிள்ளை முடித்துவிடும், மற்றவர்கள் பார்த்திருப்பார்கள். பாடத்தைப் பிரித்துக் கொடுங்கள். தயங்கிப் பேசும் பிள்ளைக்கும் முக்கியமான பகுதி ஒன்றைக் கொடுங்கள். அதைத் தெளிவாகச் சொல்ல ஒத்திகைக்கு நேரம் கொடுங்கள். மற்றவர்கள் அந்தப் பிள்ளையின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்பார்கள், மதிக்கவும் கற்றுக்கொள்வார்கள்.