சில்லறைச் சண்டை



2016இல் வெளிவந்த 'தோழா' என்னும் திரைப்படத்தை நம்மில் பலர் கண்டிருப்பீர்கள். ஒலிவியே நகாஷ், எரிக் டொலெடானோ ஆகிய இருவர் 2011இல் பிரெஞ்சு மொழியில் எடுத்த படமே அதற்கு மூலம். அந்த மூலத்திற்கும் மூலம் மெய்வாழ்க்கை. பிலிப் போஸோ டி போர்கோ என்னும் செல்வர் 1993இல் பாராகிளைடிங் விபத்தில் சிக்கிக் கழுத்துக்குக் கீழே அசைவிழந்தார். அவருக்குப் பணிவிடை செய்ய வந்த அப்தெல் செலு அல்ஜீரியாவில் பிறந்தவர், சிறை கண்டவர்.

தமிழ்ப் படத்தில் பாட்டுச் சற்று மிகுதி என்பது என் கருத்து, அது நிற்க. பிரெஞ்சுப் படத்தில், அப்பணியாள் தொலைபேசியைச் செல்வரிடமே நீட்டிவிடுகிறான். அவருக்குக் கை வழங்காது என்பதே அவனுக்கு மறந்துபோகிறது! இரக்கமற்றவன் என்று வேண்டியவர் எச்சரிக்கிறார். செல்வரோ அதற்காகவே அவனை விரும்புகிறார்.

பயணச்சீட்டுச் சாளரத்தின் பின்னே பல்லாண்டு கழித்தவன் நான். சென்ற ஆண்டு சக்கர நாற்காலியில் ஓர் இளைஞர் வந்தார். "இவர் எங்கே போகவேண்டும்?" என்று, நாற்காலியைத் தள்ளிவந்தவரிடம் இரக்கத்தோடு வினவினேன். "எனக்கும் வாய் உண்டு, ஐயா" என்றார் இளைஞர். இந்தியில்தான் சொன்னார், ஆயினும் சுட்டது.

சென்ற மாதம் அவரே மீண்டும் வந்தார். சில்லறை இல்லாமல் பெரிய நோட்டை நீட்டினார். கடிந்துகொண்டேன், அவரும் விடவில்லை. வரிசையில் நின்றோர் என்னை முறைத்தனர். அவர் மட்டும் சிரித்துக்கொண்டே சென்றார்.