கைப்பணியும் நம் குழந்தைகளும்

(சங்கத்தின் ஆண்டுவிழாவிலே பல்கலைக்கழக மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



சிறுவர்க்கான கைப்பணி வகுப்புக்களையும் விடுமுறைப் பாசறைகளையும் பற்றிப் பேசும்படி சங்கச் செயலாளர் என்னைப் பணித்தார். அதற்கு எனக்குள்ள தகுதி மிகச் சிறிது. நான் ஆசிரியனல்லன், கலைஞனுமல்லன். கேகாலை மாவட்டத்து இறப்பர்த் தோட்டமொன்றின் லயத்திலே பிறந்து, மிஷனரிமார் தொடங்கிய கல்லூரியொன்றிலே பயின்று, இப்பொழுது பட்டப் படிப்பை மேற்கொண்டிருப்பவன். ஆயினும் கைவேலையை வெறுக்கக் கற்றுக்கொண்டு, பின்னர் அவ்வெறுப்பை மறக்க முயல்பவன் என்ற தகுதியொன்று எனக்கு உண்டு. அதனைக் கொண்டே பேசத் துணிகின்றேன்.

ஆண்டுதோறும் ஆயுத பூசையன்று நாம் என்ன செய்கின்றோம்? பால் வெட்டும் கத்திக்கும், கொழுந்துக் கூடைக்கும், கவ்வாத்துக் கத்திக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டு வணங்குகின்றோம். மறுநாள் விஜயதசமி. பிள்ளையை மடியிலிருத்தி ஏடு தொடக்குகின்றோம். ஏடு தொடக்கிய கையோடு, "ஒழுங்காகப் படி, இல்லாவிட்டால் நீயும் இந்தக் கத்தியைத்தான் தூக்க வேண்டும்" என்று அதன் செவியிலே சொல்லியும் விடுகின்றோம். முதல்நாள் தெய்வமாயிருந்த கத்தி மறுநாள் பூச்சாண்டியாகி விடுகின்றது.

இவ்வாறு சொல்லும் பெற்றோரை நான் குறைகூறேன். அவர்கள் அச்சத்திற்குக் காரணமுண்டு. திருச்சியிலும் சேலத்திலும் மதுரையிலுமிருந்து வந்த நம் முன்னோரின் பிள்ளைகளுக்கு ஆரம்பக் கல்வியளிக்கும் பொறுப்பை 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்ட நிருவாகத்திடம் விட்டது. சிறிது எழுத்து, சிறிது கணக்கு, அதன்பின் பெரட்டுக்களம் என்பதே பலருக்குக் கிடைத்த கல்வி. 1945இலே கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி நாட்டுக்கு வந்தபோதும், தோட்டப் பாடசாலைகள் அதன் முழுப்பயனைப் பெறவில்லை. 1970களிலேதான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. இத்துணை காலம் காத்திருந்து பெற்ற புத்தகத்தைப் பிள்ளையின் கையிலிருந்து வாங்கிக்கொண்டு களிமண்ணைக் கொடுக்க வந்திருக்கின்றானே இவன் என்று, இங்கே அமர்ந்திருக்கும் பெரியவர் எவரேனும் எண்ணினால் அது நியாயமே.

அந்த ஐயத்திற்கு வரலாற்றிலும் சான்றுண்டு. 1953இலே சென்னை இராச்சியத்தின் முதலமைச்சராயிருந்த இராஜாஜி புதிய ஆரம்பக் கல்வித் திட்டமொன்றைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பாடசாலையிலே படிக்க வேண்டும். எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். சலவைத் தொழிலாளியின் மகன் சலவையையும், குயவனின் மகன் மட்பாண்டத்தையுமே கற்பதா எனத் தமிழ்நாடு கொதித்தெழுந்தது. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதனைக் குலக்கல்வித் திட்டமென்று கண்டித்தனர். 1954இலே இராஜாஜி பதவி விலகக் காமராசர் முதலமைச்சரானார்; திட்டமும் கைவிடப்பட்டது. நம் நாட்டிலும் 1972ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் தொழின்முன்னிலைப் பாடங்களை வகுப்புக்களிலே புகுத்திற்று. 1977இலே ஆட்சி மாறியபின் அதுவும் நிலைக்கவில்லை.

காந்தியடிகளின் ஆதாரக் கல்வியை இதனோடு ஒன்றாக்குதல் தகாது. 1937 அக்டோபரிலே வார்தாவிற் கூடிய மாநாட்டிலே, ஒரு கைத்தொழிலின் வழியாகவே எல்லாப் பாடங்களையும் கற்பிக்கலாமென அவர் எடுத்துரைத்தார். கையும் மூளையும் ஒன்றையொன்று வளர்க்கும் என்ற அவர் கருத்து பொன்னானது. ஆயினும் மாணவர் செய்யும் பொருள்களை விற்றுப் பாடசாலைச் செலவை ஈடுசெய்யலாமென்ற பகுதியை என் மனம் ஏற்கவில்லை. பொருள் விலைக்குப் போகின்றதென்றால் அளவும் கெடுவும் வந்துவிடும். அளவும் கெடுவும் வந்தால் பிள்ளை தொழிலாளியாகி விடும். தோட்டத்திலே பிறந்த நமக்கு இதனை எவரும் விளக்க வேண்டியதில்லை. இத்தனை கிலோ கொழுந்து, இத்தனை மரத்துப் பால் என்று நம் தாய்தந்தையரின் கைகள் ஒவ்வொரு நாளும் நிறுக்கப்படுகின்றன அல்லவா?

ஆகவே நான் வேண்டுவது தொழிற்பயிற்சியன்று. பிள்ளை தன் விருப்பப்படி, தனக்காக, தன் கையால் ஒரு பொருளை ஆக்கும் வாய்ப்பையே வேண்டுகின்றேன். இரண்டிலும் உழைப்பது கைதான். ஆனால் ஒன்றிலே கை பிறருக்கு உரியது. மற்றதிலே கை தனக்கே உரியது.

இனி என் கதையைச் சிறிது சொல்ல அனுமதியுங்கள்.

எனக்கு ஆறு வயதிருக்கும்போது என் தந்தையார் இறப்பர் விதையிலே காற்றாடியொன்று செய்து தந்தார். காய்ந்த விதையின் மேலும் கீழும் ஒவ்வொரு துளை, விலாவிலே ஒரு துளை. வளைந்த கம்பியால் உள்ளிருக்கும் பருப்பைத் துருவி எடுத்துவிட வேண்டும். அப்பருப்பு நஞ்சுடையது, வாயில் வைக்கலாகாது. மெல்லிய மூங்கிற் குச்சியை மேலிருந்து கீழாகச் செருகி, அதன் நடுவிலே நூலைக் கட்டி, நூலின் மறுநுனியை விலாத் துளையால் வெளியே எடுக்க வேண்டும். குச்சியின் தலையிலே இன்னொரு விதையைப் பொருத்தினால் காற்றாடி ஆயத்தம். நூலை இழுத்தால் தலைவிதை சுழலும். தளரவிட்டால் சுழன்ற வேகத்திலேயே நூல் மீண்டும் உள்ளே சுற்றிக்கொள்ளும். உயர்தர வகுப்பிலே சடத்துவத் திருப்பம் என்று நான் மனனஞ்செய்த பாடம், ஆறு வயதில் என் கையிலே சுழன்ற அந்த விதைதான் என்பதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

பின்னர் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிற் பரீட்சை வந்தது. நேர அட்டவணையிலே கைப்பணிப் பாடவேளை இருந்தது. பரீட்சை நெருங்கியதும் அது கணக்குப் பாடவேளையாயிற்று. நான் சித்தியடைந்து பட்டணத்துக் கல்லூரிக்குச் சென்றேன். அங்கே முதல் வாரத்திலே சக மாணவன் ஒருவன், "உன் அப்பாவுக்கு என்ன வேலை?" என்று கேட்டான். "தோட்டத்துக் கந்தோரில் கிளாக்கர்" என்றேன். என் தந்தையார் பால் வெட்டுபவர். இதனை இம்மேடையிலே சொல்வதற்கு எனக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் சென்றன.

சென்ற ஆகஸ்ட் விடுமுறையிலே, அந்த நண்பன் உட்பட நாங்கள் நால்வர் எங்கள் தோட்டத்துக் கோவில் மண்டபத்திலே மூன்று நாட் கைப்பணி வகுப்பொன்றை நடத்தினோம். முப்பது பிள்ளைகள் வரை வந்தனர். முதல்நாள் களிமண்ணும் காகிதமும் என்று ஒருவாறு சமாளித்தோம். இரண்டாம் நாள் இறப்பர் விதைக் காற்றாடி. மரத்தடியிலே விதை நிறைந்து கிடக்கும் காலமல்லவா? ஆனால் படித்த நாங்கள் நால்வரும் துளையிட்ட விதைகளெல்லாம் பிளந்து போயின. பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கினர்.

மலையிலிருந்து திரும்பிய என் தந்தையார் மண்டப வாயிலிலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே அழைத்தேன். "எனக்கு என்னா தம்பி தெரியும், நீங்க படிச்ச புள்ளைங்க" என்று தயங்கினார். பிள்ளைகள் விடவில்லை. தரையிலே அமர்ந்து ஒரு விதையை எடுத்தார். "கத்தியத் தள்ளாத. வெதையச் சுத்து" என்று ஒரே ஒரு சொல் சொன்னார். விதை பிளக்கவில்லை.

பால் வெட்டும் கத்தி பட்டைக்குள்ளே செல்லும்போது மாறிழையத்தைத் தொடலாகாது. இடையிலே ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றரே விட வேண்டும். ஆழம் குறைந்தால் பால் குறையும். கூடினால் மரம் புண்படும். ஆண்டுக்கணக்காக நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களிலே அந்த மில்லிமீற்றரைக் கைவிரலால் அறிந்தவர் அவர். அக்கையையே நான் மறைத்தேன். அன்று என் நண்பனிடம், "இவர்தான் என் அப்பா. கிளாக்கரல்லர், பால் வெட்டுபவர்" என்று சொன்னேன். அவன் ஒன்றும் பேசாமல் என் தந்தையின் பக்கத்திலே அமர்ந்து விதையைச் சுற்றப் பழகினான்.

அன்று மாலை நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எட்டு வயதுச் சிறுமியொருத்தி தன் காற்றாடியை முடித்துக்கொண்டு வந்து, "இத யாருக்கிட்ட குடுக்கணும் அண்ணே?" என்று கேட்டாள். உனக்குத்தான் என்றேன். அவள் நம்பவில்லை. புள்ளி போடுவீர்களா, திருப்பிக் கேட்பீர்களா என்று மறுபடியும் மறுபடியும் கேட்டாள். செய்ததெல்லாம் எங்கோ ஒப்படைக்கப்பட வேண்டியதே என்று எட்டு வயதிலேயே நம் பிள்ளை அறிந்திருக்கின்றது. பெரியோர்களே, பாசறைகள் ஏன் வேண்டுமென்பதற்கு இதனினும் பெரிய காரணத்தை நான் அறியேன்.

இம்முயற்சி புதியதன்று. இந்தியாவிலே கான்பூர்த் தொழினுட்ப நிறுவனத்திலே பயின்ற பொறியியலாளர் அரவிந்த் குப்தா, 1970களின் பிற்பகுதியிலே மத்தியப் பிரதேசத்து ஓசங்காபாத் மாவட்டத்துக் கிராமப் பாடசாலைகளுக்குச் சென்றார். தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வுக்குழாய்த் துண்டுகளையும் இணைத்து, முக்கோணம் ஏன் அசையாது, சதுரம் ஏன் சரியும் என்று பிள்ளைகள் தாமே கண்டறியச் செய்தார். குப்பையிலிருந்து விளையாட்டுப் பொருள் ஆக்குவதையே வாழ்நாட் பணியாக்கிக்கொண்ட அவருக்கு 2018இலே பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அந்த வால்வுக்குழாயும் இறப்பரன்றோ? பால் தருவது நம் மலை. விளையாட்டு மட்டும் ஏன் நம் பிள்ளைக்கு எட்டாமலிருக்க வேண்டும்?

நம் நாட்டிலே, போர் நடந்துகொண்டிருந்த 1996இல், மட்டக்களப்பிலே வண்ணத்துப்பூச்சிப் பூங்கா திறக்கப்பட்டது. இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளாரும், கனடா நாட்டுக் கலைஞர் போல் ஹோகனும் அதற்கு முன்னின்றனர். போரினால் அல்லலுற்ற தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே ஒன்றாகக் களிமண் பிசைந்தனர், வண்ணந் தீட்டினர், கதை கட்டி நடித்தனர். ஒருவரையொருவர் அஞ்சி வாழ்ந்த ஊர்களின் பிள்ளைகள் ஒரே மண்ணைக் கையால் அளைந்தனர்.

சபரகமுவையிலே வாழும் நமக்கு இது தொலைதூரச் செய்தியன்று. நம் தோட்டங்களைச் சுற்றிச் சிங்களக் கிராமங்கள் இருக்கின்றன. 1981 ஆகஸ்டிலே இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்களில் நம்மவர் தாக்கப்பட்டதை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். மொழி வேறாயிருப்பினும் காற்றாடி சுற்ற மொழி வேண்டியதில்லை. கண்டி வீதியிலே மொலகொடைக் கிராமத்துக் குயவர் மண்ணைச் சக்கரத்திலே ஏற்றுவதைப் பார்க்க நம் பிள்ளைகளை ஒருநாள் அழைத்துச் சென்றால், அப்பாடத்தை மொழிபெயர்க்க எவரும் தேவைப்படார்.

பொருளுக்கு எங்கே போவதென்று கேட்பீர்கள். மலையைச் சுற்றிப் பாருங்கள். இறப்பர் விதை, மூங்கில், கித்துள் நார், பாக்கு மட்டை, சிரட்டை, ஆற்றோரக் களிமண், பழைய பத்திரிகை. இவற்றுள் எதற்கு விலை? ஆசிரியருக்கு எங்கே போவதென்றும் கேட்பீர்கள். மாசி மாதத்திலே காமன் கூத்துக்கு அட்டையும் சரிகைத் தாளும் கொண்டு முடி கட்டுபவர் யார்? திருவிழாவுக்குத் தேர் சோடிப்பவர் யார்? தப்பை நெருப்பிலே காய்ச்சிச் சுருதி சேர்ப்பவர் யார்? ஆசிரியர்கள் இந்த அவையிலேயே அமர்ந்திருக்கின்றார்கள்.

ஆதலினால் சங்கத்தாரிடம் நான் வைக்கும் வேண்டுகோள் இவையே. வரும் ஆகஸ்ட் விடுமுறையிலே மூன்று நாட் பாசறையொன்றை நடத்துவோம். கட்டணம் வேண்டாம். எட்டுப் பிள்ளைகளுக்கு ஒருவர் வீதம் இளைஞர் பொறுப்பேற்போம். கத்தி எடுக்கும் வேளையில் பெரியவரொருவர் அருகிருக்கட்டும். போட்டியும் புள்ளியும் பரிசும் வேண்டாம். பிள்ளை செய்த பொருளை விற்கவும் வேண்டாம். அது பிள்ளையோடு வீட்டுக்குப் போகட்டும். பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகளையும் அழைப்போம். பெரியோர்கள் தமக்குத் தெரிந்த ஒரு வேலையை ஒருநாளேனும் வந்து கற்பிக்க வேண்டும். "எனக்கு என்ன தெரியும்" என்று வாயிலிலே நிற்க வேண்டாம்.

நம் பிள்ளைகள் வைத்தியராகவும் பொறியியலாளராகவும் ஆகட்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எங்கே சென்றாலும், அப்பாவின் தொழிலைக் கேட்டால் அவர்கள் பொய் சொல்லாதிருக்க வேண்டும். அடுத்த ஆயுத பூசைக்குக் கத்திக்குச் சந்தனமிடும்போது, அதனைப் பிடித்த கைக்கும் ஒரு பொட்டு வைப்போம்.